ஐந்து மில்லிமீட்டர் உலோகம்: அமுக்க விகிதத்தின் கதை

இலக்கியம் பேசுகின்ற இடத்தில் பிஸ்டனுக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். கோயில் விமானங்களின் அளவுகளையும் அணைக்கட்டுகளின் கட்டுமானத்தையும் வரலாறாக வாசிக்கின்ற நமக்கு, இயந்திரத்தின் உள்ளே இருக்கும் ஒரு சிறு வெற்றிடத்தின் கதையும் வரலாறுதான். அந்த வெற்றிடத்தின் அளவைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவுகளில் வானூர்திப் போர்களின் போக்கு அடங்கியிருந்தது. தொழிலாளர்களின் உயிர் அடங்கியிருந்தது. பின்னர் வந்த பல தலைமுறைக் குழந்தைகளின் இரத்தமும் அடங்கியிருந்தது.

பழைய கார் ஒன்றைப் புதுப்பித்துக் கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டர்போ பொருத்தப் போகிறேன். இருக்கின்ற பிஸ்டனையே வைத்துக்கொள்ளலாமா, அமுக்க விகிதம் குறைந்த பிஸ்டன் வாங்க வேண்டுமா?" விடை ஒரு வரியில் முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டடைய மனிதர்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விகிதம் என்பது யாது?

முதலில் கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழ் எல்லையில் நிற்கும்போது அதற்கு மேலுள்ள மொத்தக் கொள்ளளவை, அது மேல் எல்லையை அடைந்தபின் எஞ்சியிருக்கும் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பதே அமுக்க விகிதம். பிஸ்டன் கடக்கின்ற கொள்ளளவும் எஞ்சிய கொள்ளளவும் சேர்ந்தது தொகுதி. எஞ்சிய கொள்ளளவு மட்டும் பகுதி.

இந்த எஞ்சிய கொள்ளளவு ஓரிடத்தில் மட்டும் இருப்பதன்று. சிலிண்டர் தலையில் குடையப்பட்ட எரியறை, தலைக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டின் தடிமன், பிஸ்டன் மேலெல்லையில் நிற்கையில் பிளாக்கின் மேற்பரப்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, பிஸ்டனின் தலையில் உள்ள குழிவு ஆகியவற்றின் கூட்டுத்தொகை அது. தலை குவிந்த பிஸ்டனாயின் அந்தக் குவிவைக் கழித்துவிட வேண்டும்.

விகிதம் உயர உயர எரிபொருளின் வெப்பத்தில் மேலும் ஒரு பங்கு வேலையாக மாறும். ஜெர்மனியின் நிக்கோலாஸ் ஓட்டோ 1876இல் தமது நான்கு வீச்சு இயந்திரத்தில் கலவையை அமுக்கிய பின்னரே எரித்தார் என்பதுதான் அதன் வெற்றிக்குக் காரணம். அப்படியாயின் விகிதத்தை ஏன் உயர்த்திக்கொண்டே போகவில்லை?

தட்டும் ஓசை

உயர்த்திப் பார்த்தார்கள், இயந்திரம் சுத்தியலால் அடிப்பதுபோல் ஒலித்தது. நம் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். தீப்பொறி உரிய நேரத்திற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடுவதால் வரும் கோளாறு என்று பலர் நீண்டகாலம் எண்ணினர்.

அவ்வெண்ணம் பிழையென்று காட்டியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ (1885-1974). கேம்பிரிட்ஜில் பெர்ட்ரம் ஹாப்கின்சன் என்ற பேராசிரியரிடம் பயின்றவர். முதல் உலகப்போரில் பிரிட்டனின் மார்க் 5 டாங்கிக்கு எஞ்சின் வடிவமைத்தவர். அவர் கண்டது இது: பொறியிலிருந்து கிளம்பிய தீநாக்கு முறையாகத்தான் பரவுகிறது. ஆனால் அது சென்றடையாத மூலையில் எஞ்சியிருக்கும் கலவை, எரிந்த பகுதியின் விரிவால் மேலும் மேலும் நெருக்குண்டு, சூடேறி, ஒரு கணத்தில் தானாகவே முழுமையாக வெடித்துவிடுகிறது. அந்த அதிர்வே நாம் கேட்கும் ஓசை. அது தொடர்ந்தால் பிஸ்டனின் தலை உருகும். வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடையும்.

போர் முடிந்தபின், 1919 முதல், ஷோரம் என்ற கடலோர ஊரிலிருந்த தமது ஆய்வுக்கூடத்தில் ரிக்கார்டோ ஒரு விந்தையான எஞ்சினை உருவாக்கினார். ஒற்றைச் சிலிண்டர் கொண்ட அதன் அமுக்க விகிதத்தை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டவும் குறைக்கவும் இயலும். செலவை ஏற்றது ஷெல் எண்ணெய்க் குழுமம். உடனிருந்து உழைத்தவர்கள் ஹென்றி டிசார்டும் டேவிட் பையும். பின்னாளில், 1935இல், பிரிட்டனின் வான்காப்பு ஆய்வுக் குழுவிற்குத் தலைவராகி ராடாரின் வளர்ச்சிக்குத் துணைநின்ற அதே டிசார்ட்தான் இவர்.

ஒவ்வொரு எரிபொருளையும் அந்த எஞ்சினில் ஊற்றி, ஓசை தொடங்கும்வரை விகிதத்தை உயர்த்தினார்கள். ஒரே நிறம், ஒரே மணம் கொண்ட இரு பெட்ரோல்கள் வெவ்வேறு விகிதங்களில் தட்டின. ஆகவே வரம்பை வகுப்பது எஞ்சின் மட்டுமன்று, எரிபொருளும்தான் என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. அவர்கள் சோதித்தவற்றுள் மிக உயர்ந்த விகிதத்தைத் தாங்கிய பொருள்களில் ஒன்று டொலுயீன். அதையே அளவுகோலாகக் கொண்டு ரிக்கார்டோ ஏனைய எரிபொருள்களுக்கு எண் கொடுத்தார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் இறுதியில் அது மீண்டும் வரும்.

இன்று நாம் அறிந்த ஆக்டேன் எண் 1920களின் பிற்பாதியில் அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் வகுத்த முறையிலிருந்து வந்தது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0. இவ்விரண்டையும் கலந்து, சோதிக்கப்படும் எரிபொருளைப் போலவே தட்டுகின்ற கலவையைக் கண்டால், அதிலுள்ள ஐசோ-ஆக்டேனின் விழுக்காடே அவ்வெரிபொருளின் எண்.

ஈயம் புகுந்த கதை

அதே காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் பணிபுரிந்த தாமஸ் மிட்ஜ்லி வேறு வழியில் தேடினார். எரிபொருளில் எதைச் சிறிது சேர்த்தால் தட்டல் அடங்கும் என்பதே அவர் கேள்வி. பல பொருள்களைச் சோதித்தபின் 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயம் அகப்பட்டது. மிகச் சிறிதளவே போதும், விலையும் குறைவு. 1923 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது.

அது நஞ்சு என்பதை அறியாமல் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. மிட்ஜ்லியே 1923இல் ஈய நஞ்சால் உடல்நலம் குன்றி ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்களுள் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். மேலும் பலர் நோயுற்றனர். அம்மாத இறுதியில் செய்தியாளர்கள் முன்னிலையில் மிட்ஜ்லி அத்திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக் காட்டி, அச்சம் வேண்டாம் என்றார். உலகம் அவரை நம்பியது, அல்லது நம்ப விரும்பியது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில்தான் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. சிறு வானூர்திகளுக்கான எரிபொருளில் அதன் பின்னரும் ஈயம் தொடர்ந்தது.

அமுக்க விகிதத்தில் ஓரிரு அலகு உயர்த்துவதற்காகச் செலுத்திய விலையின் ஒரு பகுதி இது.

வலிந்து ஊட்டிய காற்று

எஞ்சினின் ஆற்றலைக் கூட்ட இன்னொரு வழியும் இருந்தது. பிஸ்டன் தானாக உறிஞ்சும் காற்றோடு நிறைவடையாமல், ஒரு விசிறியால் காற்றைத் திணித்து உள்ளே அனுப்புவது. எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்குவது சூப்பர்சார்ஜர்; வெளியேறும் புகையின் விசையால் இயங்குவது டர்போ. டர்போவுக்கு அடிப்படையான காப்புரிமையை சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூஷி 1905இல் பெற்றார். 1923இல் இத்தாலிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஃபியட் வென்றது, சூப்பர்சார்ஜர் பூட்டிய கார் அத்தகைய பந்தயத்தில் பெற்ற முதல் வெற்றி.

வானூர்திக்கு இது ஆடம்பரமன்று, தேவை. ஏறத்தாழ 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் பாதிதான். அங்கே இயல்பாக மூச்சிழுக்கும் எஞ்சின் தன் ஆற்றலில் பாதியை இழந்துவிடும்.

ஆனால் திணித்த காற்று வெப்பமான காற்று. அடர்த்தி மிகுந்த காற்று. அதை மீண்டும் பிஸ்டன் அமுக்கும்போது மூலையில் எஞ்சும் கலவை விரைவிலேயே வெடித்துவிடும். எனவே ஒன்றை விட்டுக்கொடுத்தே மற்றொன்றைப் பெற முடியும். பிஸ்டனின் அமுக்கத்தைக் குறைத்து விசிறியின் அழுத்தத்தைக் கூட்டுவதா? விசிறியைக் கட்டுப்படுத்தி பிஸ்டனின் அமுக்கத்தை உயர்த்துவதா? நண்பர் என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான்.

ஆறுக்கு ஒன்று

பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் இக்கேள்விக்குத் தந்த விடையை 1931 செப்டம்பரில் உலகம் கண்டது. ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்திற்கு அரசு பணம் தர மறுக்க, லேடி ஹூஸ்டன் என்ற செல்வச் சீமாட்டி ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார். 36.7 லிட்டர் கொண்ட 'ஆர்' எஞ்சின் பூட்டிய சூப்பர்மரீன் எஸ்.6பி கோப்பையை வென்றது. அதே மாதம் 29ஆம் நாள் மணிக்கு 407.5 மைல் வேகத்தில் பறந்து உலக சாதனையும் படைத்தது. பென்சால், மெத்தனால், ஈயம் ஆகியவற்றைக் கொண்டு அதற்குரிய எரிபொருளைக் கலந்தவர் ராட் பேங்க்ஸ். அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 6.

1933 அக்டோபரில், ஹென்றி ராய்ஸ் காலமாகி ஆறு மாதங்கள் ஆனபின், முதன்முதலாக இயங்கிய எஞ்சினே பின்னர் மெர்லின் எனப் பெயர் பெற்றது. அதன் விகிதமும் 6. போர் முடியும்வரை, எத்தனையோ மாற்றங்களுக்குப் பின்னும், அந்த 6 மாறவேயில்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. மெர்லினின் சிலிண்டர் விட்டம் 5.4 அங்குலம், பிஸ்டன் வீச்சு 6 அங்குலம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு ஏறத்தாழ 2,252 கன சென்டிமீட்டர். பன்னிரண்டுக்கும் சேர்த்து 27 லிட்டர். விகிதம் 6 என்றால் எஞ்சிய கொள்ளளவு 2,252ஐ 5ஆல் வகுத்தது, அதாவது 450 கன சென்டிமீட்டர். விகிதத்தை 7 ஆக்க விரும்பினால் 6ஆல் வகுக்க வேண்டும்: 375. வேறுபாடு 75. பிஸ்டனின் பரப்பில் இதைப் பரப்பினால் உயரம் ஐந்து மில்லிமீட்டர். பிஸ்டனின் தலையில் ஐந்து மில்லிமீட்டர் உலோகத்தைக் கூட்டியிருந்தால் மெர்லினின் விகிதம் 7 ஆகியிருக்கும்.

அதனால் என்ன கிடைத்திருக்கும்? கோட்பாட்டுக் கணக்கின்படி வெப்பச் செயல்திறன் 51 விழுக்காட்டிலிருந்து 54 ஆகும். ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடும். என்ன இழந்திருக்கும்? உள்ளே வரும் கலவையின் வெப்பம் 77 பாகை செல்சியஸ் என்று கொண்டால், பிஸ்டன் அமுக்கி முடிக்கையில் அது 6இல் 444 பாகை, 7இல் 489 பாகை. இந்த 45 பாகைதான் தட்டலை வரவழைக்கும்.

மற்ற வழியைப் பார்ப்போம். 87 ஆக்டேன் பெட்ரோலில் மெர்லின் 3 எஞ்சினின் உயரளவு, காற்றழுத்தத்திற்கு மேல் சதுர அங்குலத்திற்கு 6.25 பவுண்டு, ஆற்றல் 1,030 குதிரைத்திறன். 1940இன் வேனிற்காலத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் படையணிகளுக்கு 100 ஆக்டேன் வந்தது. அழுத்தம் 12 பவுண்டாக உயர்த்தப்பட்டது. ஆற்றல் 1,310 குதிரைத்திறன் ஆயிற்று. இயல்பான காற்றழுத்தமான 14.7ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் 20.95 என்பது 26.7 ஆகியிருக்கிறது: 27 விழுக்காடு உயர்வு. ஆற்றலிலும் 27 விழுக்காடே உயர்வு. இவ்விரு அளவுகளும் வெவ்வேறு பறக்கும் உயரங்களுக்கு உரியவை என்பதால் ஒப்பீடு மிகத் துல்லியமானதன்று. ஆயினும் திசையைத் தெளிவாகக் காட்டுகிறது. எஞ்சினைப் பிரிக்கவில்லை, பிஸ்டனை மாற்றவில்லை. எரிபொருள் மேம்பட்டபோது, அதன் பயன் முழுவதையும் விசிறியின் வழியே பெற்றுக்கொண்டார்கள். விமானிக்கு அந்த உயரழுத்தம் ஐந்து நிமிடங்களே அனுமதிக்கப்பட்டது. பின்னால் எதிரி துரத்தும்போது ஐந்து நிமிடம் என்பது சிறிய காலமன்று.

எதிர்த்தரப்பின் விடை

ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் பொறியாளர்கள் திறமையில் சற்றும் குறைந்தவர்களல்லர். அவர்களுடைய டிபி 601ஏ எஞ்சின் 33.9 லிட்டர், விகிதம் 6.9, 87 ஆக்டேன் எரிபொருளில் ஏறத்தாழ 1,100 குதிரைத்திறன். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை அதில் இருந்தது; ஆகவே விமானம் திடீரெனத் தலைகுனிந்து பாய்ந்தாலும் எஞ்சின் தடுமாறாது. மெர்லினின் கார்புரேட்டர் அத்தருணத்தில் தடுமாறியது. அக்குறையை 1941இல் பெருமளவு தணித்தவர் பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். துளையிட்ட ஒரு சிறு தட்டே அவர் கண்ட தீர்வு.

ஜெர்மானியருக்கும் 100 ஆக்டேன் வகை எரிபொருள் ஓரளவு கிடைத்தது. அதைக்கொண்டு அவர்கள் செய்ததென்ன? டிபி 601என் என்ற வகையில், குழிந்த பிஸ்டன்களுக்குப் பதிலாகத் தட்டைத்தலைப் பிஸ்டன்களைப் பொருத்தி, விகிதத்தை 8.2 ஆக உயர்த்தினார்கள். ஆற்றல் ஏறத்தாழ 1,175 ஆயிற்று.

ஏறத்தாழ ஒரே தரமான எரிபொருள், இரண்டு விடைகள். ஒருவர் விசிறியைத் தேர்ந்தார். மற்றவர் பிஸ்டனைத் தேர்ந்தார். உயர்ந்த விகிதத்தில் எரிபொருள் சிக்கனமுண்டு என்பது உண்மை. எரிபொருள் பஞ்சமுள்ள நாட்டிற்கு அது அற்பமன்று. ஆனால் 8.2 விகிதத்திற்காக வார்த்த பிஸ்டன், அந்த உயர்தர எரிபொருள் கிடைக்காத நாளில் பயனற்றது. மெர்லினிலோ, மட்டமான எரிபொருள் கிடைத்தால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். டைம்லர்-பென்ஸும் அடுத்து வந்த 601ஈ வகையில் விகிதத்தை ஏறத்தாழ 7க்கு இறக்கி, 87 ஆக்டேனுக்கே திரும்பியது.

இன்னொரு நுட்பமான காரணமும் உண்டு. பிஸ்டன் அமுக்குவதால் எழும் வெப்பம் சிலிண்டருக்குள்ளேயே பிறக்கிறது. அதை வெளியேற்ற வழியில்லை. விசிறி அமுக்குவதால் எழும் வெப்பம் சிலிண்டருக்கு வெளியே பிறக்கிறது. உள்ளே நுழையுமுன் அதைக் குளிர்விக்கலாம். இதனை நன்குணர்ந்தவர் ஸ்டான்லி ஹூக்கர். கணிதம் பயின்று 1938 ஜனவரியில் ரோல்ஸ்-ராய்ஸில் சேர்ந்தவர். அவர் பங்காற்றிய, இருநிலை சூப்பர்சார்ஜரும் குளிர்விப்பானும் கொண்ட மெர்லின் 61 எஞ்சின் 1942இல் களமிறங்கியது. 1944இல் 150 தர எரிபொருளோடு அழுத்தம் 25 பவுண்டை எட்டியது. ஆற்றல் 2,000 குதிரைத்திறனை நெருங்கியது. விகிதம் அப்போதும் 6தான்.

ஒரு நிறுவனம், ஓராண்டு, இரு கார்கள்

போர்க்களத்தில் கற்ற பாடம் சாலைக்கு வந்தபோது மீண்டும் கற்கப்பட வேண்டியிருந்தது. 1962இல் ஜெனரல் மோட்டார்ஸ் டர்போ பூட்டிய இரு கார்களை வெளியிட்டது. செவர்லே கார்வேர் மோன்சா ஸ்பைடரில் விகிதத்தை 9இலிருந்து 8க்கு இறக்கினார்கள். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரிலோ விகிதம் 10.25. தட்டலை அடக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவமொன்றை உள்ளே பீய்ச்சினார்கள். தாளில் அது நேர்த்தியான தீர்வு. ஆனால் கார் வாங்கியவர்களுள் பலர் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தனர். இறுதியில் நிறுவனமே பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக்கொடுக்க நேர்ந்தது. ஜெட்ஃபயர் 1963உடன் நின்றது. டர்போ கார்வேர் அதன்பின்னும் சில ஆண்டுகள் ஓடியது. எஞ்சினின் பாதுகாப்பை உரிமையாளரின் நினைவாற்றலிடம் ஒப்படைக்கலாகாது என்பது இதில் நாம் பெறும் பாடம்.

நண்பருக்குச் சொன்ன விடை

நண்பரின் எஞ்சினில் விட்டம் 86 மில்லிமீட்டர், வீச்சும் 86. ஒரு சிலிண்டருக்கு 500 கன சென்டிமீட்டர். இப்போதுள்ள விகிதம் 10.5, எனில் எஞ்சிய கொள்ளளவு 52.6. அதை 9க்கு இறக்க 62.4 வேண்டும். வேறுபாடு ஏறத்தாழ 10 கன சென்டிமீட்டர். இரண்டு தேக்கரண்டி நீர். இந்த இரண்டு தேக்கரண்டியைப் பிஸ்டனின் தலையில் குழிவாகத்தான் பெற வேண்டும். மலிவு என்று கருதித் தடித்த கேஸ்கெட்டால் பெற முயன்றால், 1.7 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் வேண்டும். அப்போது பிஸ்டனின் விளிம்புக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளி அகன்றுவிடும். அந்த ஒடுக்கம்தான் கலவையைச் சுழற்றி விரைந்து எரியச் செய்வது. அது கெட்டால் விகிதம் குறைந்தும் தட்டல் குறையாது. அவ்வொடுக்கத்தின் அருமையை 1919இலேயே உணர்ந்து எரியறை வடிவமைத்தவரும் நாம் முன்பு கண்ட ரிக்கார்டோதான்.

விகிதத்தையும் டர்போ அழுத்தத்தையும் பெருக்கி ஓர் எண்ணைப் பெற்று, அதைக்கொண்டு மட்டும் முடிவெடுப்பவர்கள் உண்டு. அப்பெருக்கல் காற்றின் வெப்பத்தையோ வால்வு மூடும் நேரத்தையோ அறியாது. முதலில், நாள்தோறும் உறுதியாகக் கிடைக்கின்ற பெட்ரோல் எது என்று பாருங்கள்; பின் காற்றை எவ்வளவு குளிர்விக்க முடியும் என்று பாருங்கள்; அதன்பின் அழுத்தத்தை முடிவுசெய்யுங்கள்; பிஸ்டனைக் கடைசியாக வாங்குங்கள். இதையே அவரிடம் சொன்னேன்.

எப்போதும் குறைந்த விகிதமே சிறந்தது என்று இதற்குப் பொருளில்லை. 1987இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டர்போ அழுத்தம் 4 பார் வரை அனுமதிக்கப்பட்டபோது ஹோண்டாவின் எஞ்சின் 7.4 விகிதம் கொண்டிருந்தது. 1988இல் விதி அதை 2.5 ஆகக் குறைத்து, எரிபொருளையும் 150 லிட்டருக்குள் அடக்கியது. ஹோண்டா விகிதத்தை 9.4க்கு உயர்த்தியது. விசிறியின் வழி அடைக்கப்பட்டதால் பிஸ்டனின் வழியை நாடினார்கள். அந்த எஞ்சின் பூட்டிய மெக்லாரன் அவ்வாண்டின் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது.

அந்த எஞ்சினுக்கு ஊற்றிய எரிபொருளில் 84 விழுக்காடு டொலுயீன். ஷோரமில் ஹாரி ரிக்கார்டோ அளவுகோலாக எடுத்துக்கொண்ட அதே பொருள். ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்குப் பின், மிச்சமிருந்த 16 விழுக்காடு ஹெப்டேனோடு கலந்து, அது மீண்டும் வந்து நின்றது. அதில் ஈயம் இல்லாமலே தட்டலை வென்றிருக்கிறார்கள் என்பதை எண்ணுகையில், 1921இல் வேறொரு வழி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக்கூடாதா என்ற ஏக்கம் எழுவதைத் தவிர்க்க இயலவில்லை.